திருடனுக்குப் போட்ட பூட்டு

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், தாராவி வட்டாரக் குடும்பங்கள் முன்னிலையில் நிகழ்த்திய உரை)

தீயைப் பற்றியும் திருட்டைப் பற்றியும் பேசும்படி செயற்குழு எனக்குப் பணித்திருக்கிறது. இரண்டும் இரண்டு பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பங்களாவில் வாழ்கிறவனுக்கு அவை இரண்டு பேச்சுதான். பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலும் தையல் மிஷினும் ஒன்றாகக் கிடக்கிற நமக்கு இரண்டும் ஒரே பேச்சு. திருடன் உள்ளே வரக்கூடாது என்று நாம் போடுகிற பூட்டும் அடிக்கிற கம்பியும்தான், தீப்பிடித்த இரவில் நம்மை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரத்தில் ட்ரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள், சின்னஞ்சிறு வயதுக்காரிகள். ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கும் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. ஏன் பூட்டினார்கள்? வேலை முடிந்து போகிற பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதாம்! எல்லோரும் ஒரே வழியாக வெளியேறினால்தான் பைகளைச் சோதிக்க முடியுமாம். சோதிக்க வேண்டிய பையோடு அந்தப் பெண்கள் ஜன்னல் வழியாகத் தெருவில் குதித்துச் செத்தார்கள். வழக்கு நடந்தது, முதலாளிகள் இருவரும் விடுதலையானார்கள்.

அது அமெரிக்கா, அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊருக்கே வருகிறேன். 2017 டிசம்பர் 18 அதிகாலை, இதே மும்பையில் சாக்கிநாக்காவில் ஒரு பலகாரக் கடையில் தீ. கடைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 டிசம்பர் 8, டில்லி அனாஜ் மண்டி. பை தைக்கும் பட்டறைகள் நிறைந்த கட்டடம். வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்த 43 பேர் போனார்கள். பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அவர்களில் அநேகரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. 2022 மார்ச் 23, செகந்திராபாத்தில் பழைய சாமான் கிடங்கு. மேலே தூங்கிய 11 பீகார்த் தொழிலாளர்கள். அதே ஆண்டு மே 13, டில்லி முண்ட்கா. 27 பேர், பாதிக்குமேல் பெண்கள். அத்தனை பெரிய கட்டடத்துக்கு இறங்க ஒரே படிக்கட்டு.

ஊரும் மொழியும் வேறாக இருக்கலாம். சாவு ஒரே மாதிரிதான் வந்திருக்கிறது. வேலை செய்கிற இடத்திலேயே தூங்குகிற மனிதன், கீழே சரக்கு, மேலே படுக்கை, ஒரே வாசல், கம்பி அடித்த ஜன்னல். வாடகைக்கு ஒரு மூலை கிடைக்காத கூலிக்காரன்தான் பட்டறையில் தூங்குகிறான். முதலாளிக்கு அதில் இரண்டு லாபம்: வாடகை கொடுக்க வேண்டாம், காவலுக்கு ஆள் வைக்க வேண்டாம். பையன்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தே வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போகிற சேட்டுகளும் இருக்கிறார்கள். சேட்டுகள் மட்டுமா, நம்மவர்களும் இருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் தலைச்சுமையாக வந்து, இன்று நாலு மிஷின் போட்டு, ஊரிலிருந்து அக்காள் மகனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டி வந்து வேலைக்கு வைத்திருக்கிற நம் அண்ணாச்சிமாரைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சரக்கு காணாமல் போனால் மறு வருஷம் சம்பாதித்துவிடலாம். அந்தப் பையனின் தாய்க்கு என்ன சொல்வீர்கள்?

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இன்ஸ்பெக்டர் வரலாம், வெளிவாசல் எங்கே என்று கேட்கலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது நாற்பதாகிவிட்டது. நம் சந்தில் இருபது பேர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற பட்டறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, தொழிற்சாலை என்ற பெயரில் இன்ஸ்பெக்டர் வரப் போவதில்லை. முன்னாலும் அவர் தினமும் வந்து நின்றார் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் உரிமை இருந்தது; பல பட்டறைகளுக்கு அதுவும் போய்விட்டது. இதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் நடத்துகிற போராட்டத்தில் நாமும் நிற்க வேண்டும். அதுவரைக்கும் நம் உயிரை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூட்டில் தொடங்குவோம். ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவும் வெளியே பூட்டப்படக் கூடாது. உள்ளே பூட்டினாலும் சாவி தேடாமல் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். தொங்கு பூட்டை உள்பக்கம் போட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! புகை நிறைந்த இருட்டில் தலையணையே அகப்படாது. உள்பக்கம் நல்ல இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, போதும். திருடனால் வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது, உங்கள் ஏழு வயது மகனால் உள்ளிருந்து திறக்க முடியும். பூட்டுத்தான் வேண்டும் என்றால், வாசலை ஒட்டிய ஓர் ஆணியில் சாவி எப்போதும் தொங்கட்டும். வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத, உள்ளிருப்பவர் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கக்கூடிய இடம். குழந்தைகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு அந்தச் சாவியை எடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். விளையாட்டுப் போல் கற்றுக்கொள்வார்கள்.

ஜன்னல் கம்பி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சந்தில் நடந்துபோகிறவன் கையை நீட்டினால் கட்டிலில் இருக்கிற செல்போனை எடுத்துவிடலாம் என்ற நிலையில் கம்பி இல்லாமல் எப்படி? ஆனால் கம்பிச் சட்டம் முழுவதையும் சுவரோடு சேர்த்து அடித்துவிடாமல், அதில் ஒரு பாகத்தைக் கீல் வைத்துக் கதவு போல் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வெல்டிங் கடைக்காரன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பான், கொடுங்கள். மேல் மாலாவில் படுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தச் செங்குத்து ஏணி அறைக்குள்ளேயே இறங்குகிறது. கீழே அடுப்புப் பக்கம் பற்றினால் அந்த ஏணிதான் முதலில் புகைபோக்கி ஆகிறது. சந்துப் பக்கம் திறக்கிற ஒரு ஜன்னலும், பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு கெட்டிக் கயிறும் இருந்தால் இறங்கிவிடலாம்.

அடுத்தது எரிவாயு. மண்ணெண்ணெய் ஸ்டவ் பம்படித்த காலம் நம் வீடுகளில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது சிலிண்டர். விடியுமுன் எழுந்து இட்லிக் கொப்பரை ஏற்றுகிற குடும்பங்களில், பிள்ளைகள் தூங்குகிற பாயிலிருந்து இரண்டு முழ தூரத்தில் 19 கிலோ சிலிண்டர் நிற்கிறது. இந்த வாயுவின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவும், கட்டிலுக்கு அடியில் தங்கும், சாக்கடை வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். வாசனையே இல்லாத அந்த வாயுவில் நாம் கண்டுகொள்வதற்காகவே அந்த அழுகல் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். நாற்றம் அடித்ததும் நம் கை தானாக லைட் சுவிட்சுக்குத்தான் போகும். அந்தக் கையைக் கட்டுங்கள்! சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஃபேன் வேண்டாம், போன் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சந்துக்கு வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே இருக்கிற எண் அது.

குடிசை மாற்றுக் கட்டடங்களுக்குப் போய்விட்ட தோழர்கள் சில பேருக்குக் குழாய் எரிவாயு வந்திருக்கிறது. அது காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம் சேரும்; அங்கே மேல் ஜன்னலையும் சேர்த்துத் திறக்க வேண்டும். மற்றபடி சுவிட்ச் விஷயம் ஒன்றுதான்.

சிலிண்டரை வாங்கும்போது மேல் வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் காலத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்று பொருள். கெடு கழிந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நடைபாதையில் விற்கிற பச்சைக் குழாயை விலை குறைவு என்று வாங்கிப் போடுகிறார்கள். அதில் மிச்சமாகிற நூறு ரூபாய் நூறு ரூபாய் அல்ல. கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி உரசிப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குக் குழாய் வைத்து வாயு மாற்றி விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏன் வாங்குகிறோம்? முகவரிச் சான்று இல்லாததால் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்பதால். அந்தக் காரணம் முழுக்கச் சரியில்லை என்பதைச் சொல்லவே வந்தேன். 5 கிலோ சிலிண்டரை எண்ணெய்க் கம்பெனிகளே விற்கின்றன. ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. 2021-இல் தொடங்கிய உஜ்வலாவின் இரண்டாவது கட்டத்தில், வெளியூர்த் தொழிலாளர் குடும்பம் தன் முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் விதி வைத்தார்கள். ஏஜென்சிக்காரன் இல்லை என்பான். சங்கத்தில் சொல்லுங்கள், நாலு பேராகப் போய்க் கேட்போம்.

முறையான கனெக்‌ஷன் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பதிவு செய்த நுகர்வோர் வீட்டில் எரிவாயு விபத்து நடந்தால் அதற்கு எண்ணெய்க் கம்பெனிகள் எடுத்து வைத்திருக்கிற காப்பீடு உண்டு. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், காயம்பட்டவர் வைத்தியத்துக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு 2 லட்சம் வரை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததால் எத்தனை குடும்பங்கள் கேட்காமலே ஊருக்குத் திரும்பின! விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தீயணைப்புத் துறை அறிக்கையின் நகலும் போலீஸ் பதிவின் நகலும் வாங்கி வையுங்கள். கள்ளச் சிலிண்டரும் பச்சைக் குழாயும் இருந்தால் இந்தப் பணத்துக்குக் கை நீட்ட முடியாது.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முறுக்குப் போடுகிற தாய்மார்கள் இதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லுங்கள். தண்ணீர் பட்டதும் எரிகிற எண்ணெய் பொங்கிக் கூரை வரை பாயும். அடுப்பை மூடி, பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் நகர்த்திச் சட்டியை மூடிவிடுங்கள், தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சேலை பற்றினால் ஓடாமல் தரையில் விழுந்து உருள வேண்டும். சமைக்கும்போது பருத்தி கட்டுங்கள். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிடுங்கள். மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் தோழர்களில் வயரிங் வேலை தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒரு மீட்டரிலிருந்து ஏழு அறைக்கு இழுத்த ஒயரில் ஏ.சி.யும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் ஒயர் சூடாகிறது. ஃப்யூஸ் போகிறது. அது போவதற்காகத்தான் வைத்திருக்கிறது! நாம் என்ன செய்கிறோம்? ‘அடிக்கடி போகிறதே’ என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம். அப்புறம் ஃப்யூஸ் போவதில்லை, வீடு போகிறது. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பாட்டரி ஸ்கூட்டர். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற நம் பையன்கள் இரவில் அதன் பாட்டரியைக் கழற்றி வந்து தலைமாட்டில் சார்ஜ் போட்டுத் தூங்குகிறார்கள். 2022-இல் வசாயில் அப்படிச் சார்ஜில் இருந்த பாட்டரி வெடித்து ஏழு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். அதோடு வந்த சார்ஜர் மட்டும். வாசல் வழியை மறிக்காத இடத்தில்.

மாடிக் கட்டடங்களுக்குப் போனவர்கள் பத்திரமாகிவிட்டார்கள் என்றும் இல்லை. 2023 அக்டோபர் 6 அதிகாலை கோரேகாவில் ஒரு குடிசை மாற்றுக் கட்டடத்தின் தரைத்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தீப்பற்றியது. புகை மேலேறிக் குறைந்தது ஏழு பேரைக் கொன்றது. கீழே தீ என்றால் லிஃப்டில் ஏறக் கூடாது. படிக்கட்டு முழுவதும் புகை என்றால் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணி செருகி, ஜன்னலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற ஏஜென்சியின் சான்றிதழை ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் சொசைட்டிச் செயலாளரிடம் போய் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

தோழர்களே, இனி நான் சொல்லப் போவதை ஊன்றிக் கேளுங்கள். தீ எரிப்பது கூரையையும் பாத்திரத்தையும் மட்டும் அல்ல. அது காகிதத்தை எரிக்கிறது. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கே வந்தார்கள். சேற்றை மேடாக்கி வீடு கட்டினார்கள். இன்று அந்த வீட்டில் நமக்கு உரிமை உண்டா என்று கேட்டால், ‘2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்குத் தாள் காட்டு’ என்கிறார்கள். இருந்தால் இலவச வீடு. 2011 ஜனவரி 1 வரைக்கும் என்றால் பணம் கட்டி வீடு. தாள் இல்லாவிட்டால் நீ யார்? தாராவியில் 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் நாம் யார் என்று சொல்வது வாக்காளர் பட்டியல் நகலும், பழைய கரண்ட் பில்லும், போட்டோ பாஸும், ரேஷன் கார்டும்தான். மூன்று தலைமுறையின் குடியிருப்பு உரிமை ஒரு பிளாஸ்டிக் பையில், எரிகிற பரணில், துணி மூட்டைக்கு அடியில் கிடக்கிறது!

அதைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நகல். ஒன்று இறுக்கமாக மூடுகிற தகர டப்பாவில், வாசல் பக்கம். ஒன்று ஊரில் அண்ணன் தம்பி வீட்டில். ஒன்று சங்க அலுவலகத்தில் கொடுத்தால் ரசீது தருகிறோம். போனில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். ஆதார் போன்றவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிக் கொடுக்க நம் இளைஞர் அணி ஞாயிறுதோறும் உட்காரும். ஆனால் பழைய கரண்ட் பில்லை எந்த டிஜிலாக்கரும் தானாகத் தராது. அதன் அசல் எரிந்தால் எரிந்ததுதான். தீப்பிடித்தால் டப்பாவுக்காக உள்ளே ஓடாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன்; அதற்காகத்தான் மற்ற இரண்டு நகல்.

இப்போது திருடனிடம் வருவோம். நம் பக்கத்துத் திருடன் நம் காலண்டரை நன்றாகப் படித்தவன். பள்ளிக்கூடம் மூடி மே மாதம் வந்தால் பாதிச் சந்து ஊருக்கு ரயில் ஏறிவிடும். மூன்று வாரம், நாலு வாரம் பூட்டிய கதவு. பெரிய பூட்டாக வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறோம். திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. பூட்டு மாட்டிய கொண்டியை, அரை அங்குல ஸ்க்ரூ நாலில் தொங்குகிற அந்தக் கொண்டியை, ஒரு கம்பியால் நெம்புகிறான். பூட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆகவே பூட்டுக்குச் செலவழிக்கிறதில் பாதியைக் கொண்டிக்கும் நாதாங்கிக்கும் செலவழியுங்கள்: கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு வைத்து முறுக்கிய போல்ட். தகரக் கூரையின் தகட்டைப் பெயர்த்து இறங்குகிறவனும் உண்டு. போகுமுன் மேலே ஏறிப் பாருங்கள். வெளியே சாய்த்து வைத்த மாலா ஏணியை உள்ளே எடுத்துப் போடுங்கள். ரயிலில் ஏறிய உடனே குடும்பத்தோடு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கத்தை, ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

நகையை வீட்டில் விட்டுப் போகாதீர்கள், ரயிலில் எடுத்துப் போவதும் ஆபத்து. வங்கி லாக்கர் கிடைத்தால் நல்லது. வங்கியில் தீயோ திருட்டோ நடந்து லாக்கர் பொருள் போனால், வங்கி தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை கொடுக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. லாக்கர் கிடைக்காதவர்கள் ஊருக்குப் போகும் மாதத்தில் சின்னத் தொகைக்கு வங்கியில் அடகு வைத்து, வந்து மீட்கிறார்கள். வட்டி கொஞ்சம் போகும். அதைக் காவல் கூலி என்று எண்ணிக்கொள்ளலாம். நகைக்கடை ரசீதையும், நகையின் படத்தையும், ஹால்மார்க்கோடு பொறித்திருக்கிற ஆறு எழுத்து எண்ணையும் குறித்து வையுங்கள். கடை வைத்திருப்பவர்கள் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தீக்காக எடுக்கிற பாலிசி எல்லாத் திருட்டுக்கும் பணம் தராது. திருட்டுக்குத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

திருட்டு நடந்த பிறகு போலீஸ் நிலையத்தில் நடக்கிற திருட்டு ஒன்று இருக்கிறது. நகை களவு போயிற்று என்று நாம் சொல்வோம். ‘காணாமல் போனது’ என்று எழுதி ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். மராத்தி தெரியாததால் கையெழுத்துப் போட்டு வந்துவிடுவோம். காணாமல் போனதற்கு விசாரணை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, முதல் தகவல் அறிக்கையை எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம், எல்லை தாண்டியது என்று விரட்ட முடியாது; நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். களவுபோன பொருள் 5000 ரூபாய்க்குக் குறைவு என்றால், வீடு புகுந்து திருடியது அல்லாத சாதாரணத் திருட்டு போலீஸ் தானாக விசாரிக்காத வகையில் விழுந்துவிடும். நம்மவர் போன், தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் அந்த விலைக்கு அக்கம்பக்கம்தானே? விலையைக் குறைத்து எழுதிவிடாமல் இருக்க ரசீது வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாந்திராவிலும் பெரிய வீடுகளில் வேலை செய்கிற நம் சகோதரிகளைக் கேளுங்கள். அந்த வீட்டில் ஒரு மோதிரம் காணாவிட்டால் முதலில் சோதிப்பது யார் பையை? மோதிரம் பீரோவுக்குப் பின்னால் கிடைத்த பிறகு மன்னிப்புக் கேட்டார்களா? வீட்டுக்காரர் உங்களை ஓர் அறையில் அடைத்து வைக்கவோ அடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. விசாரணைக்கு என்று பெண்களை நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்கலாம். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற பெண் அதிகாரி இல்லாமல் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. இரவு எந்நேரமானாலும் சங்கத்துக்குப் போன் செய்யுங்கள். வக்கீல் தோழர் இருக்கிறார்.

தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112. ஆனால் வண்டி 90 அடி சாலையில்தான் வந்து நிற்கும். சந்துக்குள் குழாயைத் தூக்கி ஓடி வர வேண்டும். அவர்கள் ஓடுகிற வழியில் நம் பைக்கும் தண்ணீர்ப் பீப்பாயும் சிந்தித் துணி மூட்டையும் கிடக்கின்றன. வண்டி வருவதற்கு முந்திய அந்தச் சில நிமிஷத்தில் என்ன செய்வது? சந்துக்கு இரண்டு பவுடர் தீயணைப்பான், சீட்டுப் பணத்தில் வாங்கலாம். ஊசியைப் பிடுங்கி, ஜுவாலையின் உச்சியில் அல்ல அடியில் காட்டி, பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். சில நொடிதான் வரும். சின்னத் தீயை மட்டும்தான் அது அணைக்கும்; கூரை பற்றிவிட்டால் விட்டுவிட்டு ஓடுங்கள், புகைக்குள் என்றால் குனிந்து, தரையோடு தரையாக.

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்குச் சந்து சந்தாகப் பார்வைக்குக் கிளம்புகிறோம். ஒரு சந்துக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கேஸ் புத்தகத்தையும் வீட்டுத் தாள்களையும் எடுத்து வையுங்கள். சோப்பு நுரையும் தூரிகையும் நாங்கள் கொண்டு வருவோம். இரவில் ஆள் தூங்குகிற பட்டறைகளின் பட்டியலையும் அன்றே எடுக்கிறோம். பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சிமார் ஷட்டருக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நம்மைக் கூப்பிட்டால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் செயலாளர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கொடுக்கலாம்.